ஆசானில்லா மேதை: சித்திரக்கதை மொழிபெயர்ப்பில் ஒரு சொற்பொருட் சிக்கல்

காவியங்களுக்கும் புதினங்களுக்கும் மொழிபெயர்ப்பாய்வில் கிடைத்த இடம் சித்திரக்கதைகளுக்குக் கிடைத்ததில்லை. அவை சிறுவர்க்குரியவை என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் சித்திரக்கதையை மொழிபெயர்ப்பவர் எதிர்கொள்ளும் நெருக்கடி, புதினத்தை மொழிபெயர்ப்பவருக்கு நேர்வதினும் கடுமையானது. மூலத்தில் பேச்சுக்குமிழின் அளவு முன்னரே வரையப்பட்டுவிட்டது. அதற்குள் தமிழ்த் தொடர் அடங்கியாக வேண்டும். விளக்கம் தரவோ அடிக்குறிப்பு இடவோ வழியில்லை. எனவே ஒரு பண்பாட்டில் உள்ள பாத்திர வகை மற்றொரு பண்பாட்டில் இல்லாதபோது, அந்த இல்லாமை சித்திரக்கதையில் மறைவின்றி வெளிப்படுகின்றது. தானே கற்று அறிவியல் மேதையான வில்லன் அத்தகைய ஒரு பாத்திர வகை.

தமிழ் வாசகர் அவனை நன்கறிவர். 1984இல் சிவகாசியில் தொடங்கப்பெற்ற லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த ஸ்பைடரே அவன். 1965இல் பிரித்தானிய வார இதழாகிய லயனில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தோன்றியவன். அடுத்த ஆண்டு முதல் இத்தொடரை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனையும், அறிவியலறிவே படைக்கலனாகக் கொண்ட லூதரையும் படைத்த இருவருள் ஒருவர் அவர். ஸ்பைடர் எங்குக் கற்றான், யாரிடம் கற்றான் என்பதைத் தொடர் கூறுவதில்லை. வலைத் துப்பாக்கியும் வாயுத் துப்பாக்கியும் பறக்கும் ஊர்தியும் அவனிடம் உள்ளன. பட்டம் இல்லை, இயற்பெயர்கூட இல்லை. பட்டம் பெற்ற பெல்ஹாம் என்னும் பேராசிரியர் அவனுக்கு ஏவல் செய்கிறார். கதையின் கூர்மை இந்தத் தலைகீழ் உறவில் இருக்கின்றது. பேராசிரியர் என்னும் தமிழ்ச் சொல்லுக்குள் ஆசிரியர் இருப்பதால், ஆசிரியரே இல்லாதவனிடம் அவர் கைகட்டி நிற்பது தமிழில் கூடுதல் நகைச்சுவை பெறுகின்றது. மூலத்தில் இவ்வாய்ப்பு இல்லை.

ஸ்பைடரின் தமிழ்க் கதைகளுள் ஒன்று 'எத்தனுக்கு எத்தன்' என்னும் தலைப்புடையது. வழக்கில் ஊறிய இத்தொடர் காதுக்கு இனியது; கடைத்தெருவில் விற்பனைக்கும் உகந்தது. ஆனால் எத்தன் என்பவன் ஏய்ப்பவன்; நாவன்மையாலும் கைத்திறத்தாலும் பிழைப்பவன்; அவனுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படுவதில்லை. பிற்காலத்தில் வாசகரிடையே வேரூன்றிய 'கூர்மண்டையன்' என்னும் பெயரும் சினையடியாகப் பிறந்ததே. உருவத்தைச் சுட்டுகிறது, அறிவைச் சுட்டவில்லை. தமிழ் இவனுக்கு வஞ்சகத்தால் ஒரு பெயரும் தலையின் வடிவத்தால் ஒரு பெயரும் தந்தது. கல்வியால் பெயர் தர அதனால் இயலவில்லை.

ஏன் இயலவில்லை என்பதற்கு விடை தேடச் சித்தூரும் திருப்பதியும் பொருத்தமான களங்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதன் ஒரு பகுதி வடஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு நகர்ந்தபோதும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இரு மொழிகளும் வழங்கும் நிலை நீடிக்கின்றது. இருமொழியாளர் ஒருவர்க்கு ஒரு சொல்லைக் கேட்ட அளவில் அதன் அண்டைமொழி இணையும் நினைவுக்கு வருகின்றது. மொழிபெயர்ப்பாளர் இச்சூழலிலிருந்து பயன்கொள்ளலாம்.

இப்பகுதி வாசகரிடம் முன்பே ஒரு வில்லன் குடியேறியிருந்தான்: தமிழின் மந்திரவாதி, தெலுங்கின் மாந்த்ரிகுடு. 1947 முதல் சந்தமாமா, அம்புலிமாமா என இரு மொழிகளிலும் வெளிவந்த இதழும், 1951இல் இரு மொழிகளிலும் எடுக்கப்பட்ட 'பாதாள பைரவி' திரைப்படமும் அவனைப் பரவலாக்கின. அப்படத்தின் மந்திரவாதிக்குச் சீடன் உண்டு. அவன் நாடும் ஆற்றல் தேவியின் வரத்தால் வருவது. பாலநாகம்மா கதையின் மாயல பகீரின் உயிரோ ஏழு கடலுக்கப்பால் கிளிக்குள் இருக்கின்றது. இவர்களின் வலிமை வெளியிலிருந்து பெறப்பட்டது. ஆகவே வெளியிலிருந்தே பறிக்கவும் தக்கது. தானே கற்றவனின் வலிமையைப் பறிக்கக் கிளி இல்லை. அவனை மந்திரவாதியின் சொற்களால் பேசவைக்கும் மொழிபெயர்ப்பு, சுவை குன்றாவிடினும், அவனுடைய அச்சுறுத்தும் தன்மையை இழந்துவிடுகிறது. ஏகலைவன்கூடத் துரோணரின் மண்ணுருவை முன்வைத்தே பயின்றான். ஆசானின்றிக் கற்றவனைக் கற்பனை செய்வதில் நம் கதைமரபு இந்த அளவிற்குத் தயங்கியிருக்கின்றது.

சொற்கள் முற்றிலும் இல்லை எனவும் கூற முடியாது. இசையுலகில் 'கேள்விஞானம்' உண்டு. ஆனால் அது குறைவை ஒப்புக்கொள்ளும் சொல். 'சுயம்பு' என்னும் சொல்லைத் தமிழ்த் திறனாய்வாளர் சிலர் தாமாக வளர்ந்த கலைஞருக்கு வழங்குகின்றனர். இதே சொல்லைச் சித்தூரில் ஒருவரிடம் கூறினால் அவர் நினைவு அருகிலுள்ள காணிப்பாக்கம் விநாயகரிடம் செல்லும். திருப்பதியில் கூறினால் திருமலைக்கே செல்லும். தெலுங்கில் அச்சொல் இன்னும் தெய்வத்திற்கு நெருக்கமானது. மனித முயற்சிக்கு 'ஸ்வயங்க்ருஷி' உள்ளது. ஒரு கொடியவனைச் சுயம்பு என்றழைக்கும் தமிழ்த் தொடர் இவ்வூர் வாசகரைத் திடுக்கிடச் செய்யும். அத்திடுக்கீடு கதைக்கு நன்மையே தரும் எனலாம். ஆயின் அதனை அறிந்து செய்தல் வேண்டும்.

விஞ்ஞானி என்னும் சொல்லிலும் இத்தகைய வழுக்கல் உண்டு. தெலுங்கில் அறிவியலாளரைக் குறிக்கும் இயல்பான சொல் சாஸ்த்ரவேத்த. விஞ்ஞானி எனின் பேரறிவாளன், ஞானமுடையவன் என்னும் பொருள் மேலோங்கும். தமிழிலோ சாஸ்திரி வேறு ஆள். மாயாவி என்னும் சொல்லின் வரலாறு இதனினும் விந்தையானது. இராமாயணத்தில் வாலியோடு பொருது குகைக்குள் ஓடிய அசுரனின் பெயர் அது. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்ட பின்னர்த் தமிழ்ச் சிறுவரிடையே அது நாயகனின் பெயராயிற்று. ஒரு மலிவு விலை வெளியீடு ஒரு சொல்லை உயர்பொருட்பேற்றுக்கு உள்ளாக்கியமைக்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. 'பைத்தியக்கார விஞ்ஞானி' என்பதோ ஆங்கிலத் தொடரின் நிழல். தமிழில் அது மனநோயாளியைக் காட்டுகிறதேயன்றி வெறிகொண்ட மேதையைக் காட்டவில்லை.

இவை யாவும் சொல்லளவில் நிற்பவை. உண்மையான இடர் வினைமுற்றில் எழுகின்றது. ஆங்கிலப் படர்க்கை ஆண்பாற் பெயர் மதிப்பையும் காட்டாது, இழிவையும் காட்டாது. தமிழில் 'கண்டுபிடித்தான்' அல்லது 'கண்டுபிடித்தார்' என ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். மேதைமைக்கு 'ஆர்' தந்தால் கொடுமை மங்கும். கொடுமைக்கு 'ஆன்' தந்தால் மேதைமை சிறுக்கும். பெல்ஹாமுக்கு 'அவர்', ஸ்பைடருக்கு 'அவன்' என எழுதினால் கதையில் ஏவலராக இருப்பவர் இலக்கணத்தில் தலைவராகிவிடுவார். இருவருக்கும் 'அவன்' என்றாலோ பேராசிரியரின் வீழ்ச்சி புலப்படாது.

தெலுங்கில் இந்நெருக்கடி சற்றுக் குறைவு. வாடு, ஆயன என்னும் இரண்டிற்கும் இடையே 'அதனு' உள்ளது. 'அதனு கனிபெட்டாடு' என்பது வசையும் அன்று, வணக்கமும் அன்று. வினை 'ஆடு' விகுதியே பெறினும் பெயர்ச்சொல் அதன் தாழ்வை நீக்கிவிடுகின்றது. தமிழில் இவ்விடைப்படி இல்லை. உரையாடலில் அதனை ஓரளவு ஈடுசெய்ய வழி உண்டு. ஸ்பைடர் பெல்ஹாமை 'நீ' என்றும், பெல்ஹாம் அவனை 'நீங்கள்' என்றும் விளிக்கச் செய்து, கதைசொல்லியின் பெட்டிகளில் இயன்ற இடங்களில் வினைமுற்றைத் தவிர்த்துப் பெயர்ப் பயனிலையோ செயப்பாட்டு வினையோ அமைப்பதே அவ்வழி. 'கருவி ஆயத்தம்' என்பது குமிழிலும் அடங்கும்; 'ஆன், ஆர்' வழக்கையும் எழுப்பாது. எல்லாப் பெட்டிகளிலும் இதனைச் செய்தால் நடை தந்திச் செய்தி போலாகிவிடும். எனவே அவன் முதன்முதலாகத் தன் கண்டுபிடிப்பைக் காட்டும் பக்கத்திற்கு மட்டும் இதனை ஒதுக்கிவைத்து, அவன் திருடத் தொடங்கியதும் 'ஆன்' விகுதிக்கு மாறுவது ஏற்புடையது.