பேட்டனின் தந்தப் பிடி ரிவால்வர்கள்

அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் இடுப்பில் அணிந்த ரிவால்வர்கள் இரண்டு. ஒன்று, 1916-இல் வாங்கிய கோல்ட் .45. இன்னொன்று, 1935-இல் வாங்கிய ஸ்மித் அண்ட் வெசன் .357 மேக்னம். இரண்டின் பிடியும் யானைத் தந்தம். புகைப்படங்களில் ஒன்றுபோலத் தெரிவதால் அவை ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றின் நிறுவனம் வேறு, தோட்டா வேறு, பிறந்த காலம் வேறு. இரண்டுக்கும் இடையே 19 ஆண்டுகள் உண்டு. அந்த 19 ஆண்டுகளில் குதிரைப்படைத் துணை அதிகாரி ஒருவர் டாங்கிப் படையின் முன்னோடியாகிவிட்டார்.

கோல்ட் ரிவால்வரிலிருந்து தொடங்குவதே முறை. 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' என்பது அந்த மாதிரியின் பெயர். 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. பேட்டன் வாங்கியபோது அதற்கு 43 வயது. ராணுவம் அதற்குள் பழைய ரிவால்வர்களைக் கைவிட்டு, ஏழு தோட்டாக்கள் கொண்ட 1911 மாதிரித் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறியிருந்தது. ஆக, பேட்டன் வாங்கியது வழக்கொழிந்த ஓர் ஆயுதம். தானியங்கியின் விசையை அவர் அளவுக்கு மீறி இளக்கி வைத்திருந்ததாகவும், அது ஒருமுறை இடுப்பிலேயே வெடித்துவிட்டதாகவும், அதன் பிறகே ரிவால்வருக்குத் திரும்பினார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், பழைய கோல்ட்டைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்தத் தேர்வு புரியும். அதன் வளைந்த பிடி உள்ளங்கையில் தானாக அமரும். சுடும்போது துப்பாக்கி கையை உதைப்பதில்லை, பிடி கைக்குள்ளேயே சற்று உருண்டு மேலே எழும். கட்டைவிரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்தால் நான்கு சொடுக்குகள் அடுத்தடுத்துக் கேட்கும். துப்பாக்கி ரசிகர்கள் அந்த நான்கு ஒலிகளை வைத்தே ஒரு கோல்ட்டின் உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கின்றனவா என்று கணிப்பார்கள்.

1916 மார்ச் மாதத் தொடக்கத்தில், டெக்சஸின் எல் பாஸோ நகரத்து ஷெல்டன்-பெய்ன் கடை வழியாக இது பேட்டன் கைக்கு வந்தது. குழல் நீளம் நாலேமுக்கால் அங்குலம். இந்த அளவுக்கு ஒரு தனி அழகு உண்டு. குழலின் அடியில் ஒட்டி ஓடும், வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் கம்பியின் உறையும் குழலின் வாயும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடியும். குதிரைப்படைக்கென்று ராணுவம் வாங்கிய ஏழரை அங்குலக் குழல் தொலைவில் குறி வைக்க நல்லது. ஆனால் உறையிலிருந்து உருவும்போது தாமதிக்கும். அலங்காரத்துக்குச் செலவு செய்த பேட்டன் நீளத்தில் மட்டும் சிக்கனம் பிடித்தார். சுடத் தெரிந்தவர் செய்த தேர்வு அது.

அலங்காரம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கோல்ட் தொழிற்சாலைக்கு 1871 முதல் 1921 வரை செதுக்கு வேலை செய்தவர் கூனோ ஹெல்ஃப்ரிக்ட். பேட்டனின் துப்பாக்கி அவருடைய பட்டறைப் பாணியில் வந்தது. சட்டம், உருளை, குழல், பிடியின் முதுகுப்பட்டை எல்லாவற்றிலும் கொடிக்கருக்கு ஓடுகிறது. இலைச் சுருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, திருகாணியின் தலையைச் சுற்றி வளைந்து, விளிம்பைத் தொடும் முன் மடங்கி உள்ளே திரும்புகின்றன. சுருள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நுண்ணிய புள்ளிகளால் குத்தி மங்கலாக்கியிருப்பார்கள். அந்த மங்கல்தான் சுருளை மேலே எழுப்பிக் காட்டும். ஆழமாக வெட்டிப் புடைக்கச் செய்யும் ஜெர்மன் பாணி அல்ல இது. ஆழம் குறைவு, ஓட்டம் அதிகம். செதுக்கி முடித்த பின் வெள்ளி முலாம் பூசியதால் உளியின் கூர்மை சற்றே மழுங்கி, கோடுகள் மிருதுவாகத் தெரிகின்றன. எஃகில் செதுக்குபவருக்குத் தவறைத் திருத்த வழியில்லை. உளி வழுக்கினால் அந்தக் கீறல் துப்பாக்கி உள்ளவரை இருக்கும். அப்படிப் பார்த்தால், தேய்ந்த வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் உருளைச் சுருள்களைவிட, இடமில்லாத இடத்தில் வளைக்கப்பட்ட சட்டத்துச் சுருள்களே இந்தப் பாணியின் உச்சம்.

பிடியில் இருப்பது யானைத் தந்தம். வலப்பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன. இதை முத்துச்சிப்பி என்று எழுதிய பத்திரிகையாளர்கள் மீது பேட்டன் எரிந்து விழுந்தார் என்பதும், நியூ ஆர்லியன்ஸ் விலைமாதர் விடுதித் தரகன்தான் முத்துச்சிப்பிப் பிடி வைத்துக்கொள்வான் என்று சொன்னார் என்பதும் பிரபலம். வசவை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. முத்துச்சிப்பி வழுக்கும், அடிபட்டால் சில்லு பெயரும். தந்தம் அப்படியல்ல. நிமிட நேரத்தில் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். வியர்வையிலும் பிடி கொடுக்கும். ஆண்டுகள் ஆக ஆக வெண்மை விலகிப் பழுப்பேறும். குறுக்குவெட்டில் பார்த்தால் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். போலியைக் கண்டுபிடிக்க அதுவே அடையாளம். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1989-இல் தடை முடிவானது. இன்று அப்படியொரு பிடியைப் புதிதாகச் செய்ய நினைப்பதே தகாது. 1916-இல் அது கடைப் பட்டியலில் இருந்த சாதாரணப் பொருள்.

பேட்டன் ஆயுதங்களைத் தொழிலாகவே படித்தவர். 1885-இல் கலிஃபோர்னியாவில் பிறந்து, 1909-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிக் குதிரைப்படைக்குப் போனார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நவீன ஐந்து விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் இடம். முன்னால் நின்ற நால்வரும் ஸ்வீடன் நாட்டவர். சுடுவதில்தான் அவர் பின்தங்கினார். குறிப்பலகையில் ஒரு தோட்டா ஏற்கெனவே போட்ட ஓட்டையின் வழியாகவே சென்றது, நடுவர்கள் அதைத் தவறவிட்டதாகக் கணக்கிட்டார்கள் என்று அவர் தரப்பார் நெடுநாள் சொல்லிவந்தனர். அடுத்து பிரான்ஸின் சோமூர் குதிரைப்படைப் பள்ளியில் வாள்வித்தை கற்றார். குதிரைப்படைக்கு 1913 மாதிரி வாளை வடிவமைத்தார். வெட்டுவதற்கான வளைந்த வாளை விட்டுவிட்டு, குத்துவதற்கான நேர் வாள். கான்சஸின் ஃபோர்ட் ரைலியில் வாளாசிரியர் பதவியும் கிடைத்தது. ஆயுதம் எதற்காக என்ற கேள்வியை அவர் முதலில் கேட்டுப் பழகியது இங்கேதான். வாளில் அழகுபடுத்த எதையும் சேர்க்காதவர் ரிவால்வரில் இவ்வளவு சேர்த்ததைப் பார்த்தால், அவருக்கு வாள் படைவீரர்களின் கருவி, ரிவால்வர் அதிகாரியின் அடையாளம் என்பது தெளிவு.

துப்பாக்கி கைக்கு வந்த சில நாட்களில், 1916 மார்ச் 9 அன்று மெக்சிகோப் புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊரைத் தாக்கினார்கள். ஜெனரல் பெர்ஷிங் தலைமையில் படை மெக்சிகோவுக்குள் நுழைந்தது. கெஞ்சிக் கூத்தாடி அவருடன் இணைந்துகொண்டார் பேட்டன். மே 14 அன்று சோளம் வாங்குவதற்காக மூன்று டாட்ஜ் மோட்டார் கார்களில் சிறு குழுவோடு போனவர், வில்லாவின் மெய்க்காவலர் தலைவர்களில் ஒருவரான ஜூலியோ கார்டெனாஸ் இருக்கலாம் என்று சந்தேகித்து ருபியோ ஊருக்கருகே ஒரு பண்ணைவீட்டைச் சுற்றி வளைத்தார். குதிரைகளில் மூவர் வெளியே பாய்ந்தார்கள். பேட்டன் ஐந்து முறை சுட்டார். குதிரையும் ஆளும் அடிபட்டார்கள். அத்தோடு துப்பாக்கி காலி.

ஐந்துதானா, ஆறு அறைகள் கொண்ட உருளையாயிற்றே என்று கேட்கலாம். சிங்கிள் ஆக்‌ஷனில் சுத்தி ஆறாம் அறையின் தோட்டா மேல் படிந்து கிடந்தால், சுத்தியில் விழும் ஒரு பலத்த அடியே அதை வெடிக்க வைத்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஓர் அறையைக் காலியாக விட்டு, சுத்தியை அதன் மேல் இறக்கி வைப்பார்கள். மறுபடி நிரப்புவதும் எளிதல்ல. சுத்தியைப் பாதி இழுத்து, வலப்புறத்துச் சின்னக் கதவைத் திறந்து, உருளையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு வெற்றுத் தோட்டாவையும் கம்பியால் தள்ளி, பின் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். மேலே தோட்டாக்கள் சுவரை உடைத்துக்கொண்டிருக்க, பேட்டன் சுவரோரம் ஒதுங்கி இந்த வேலையைச் செய்தார். பின் வந்தவனின் குதிரையைச் சுட்டு வீழ்த்தி, விழுந்தவன் எழும்வரை பொறுத்து, எழுந்து நின்ற பின்பே சுட்டார். இளமையில் ஊறிய வீரமரபு விட்டுப்போகவில்லை. கார்டெனாஸ் உட்பட மூவர் இறந்தார்கள். கார்களின் முன்புறத்தில் பிணங்களைக் கட்டி முகாமுக்குக் கொண்டுவந்ததை இன்று படித்தால் அருவருப்புதான் மிஞ்சும். பெர்ஷிங் அவரைத் தம் கொள்ளைக்காரன் என்று செல்லமாக அழைத்தார். அமெரிக்க ராணுவம் மோட்டார் வண்டியில் போய் நடத்திய முதல் தாக்குதல் என்று வரலாற்றில் பதிந்திருப்பது இந்தச் சிறு சண்டைதான். கோல்ட்டின் தந்தப் பிடியில் இரண்டு வெட்டுக்குறிகள் அன்றைக்குப் பிறகு விழுந்தவை. செதுக்கு வேலைக்கு நடுவே அவை முரடாகவே இருக்கின்றன. நிரப்ப நேரமில்லாமல் தவித்த அனுபவத்தால்தான் பின்னாளில் இரண்டு ரிவால்வர் வைத்துக்கொண்டார் என்ற விளக்கம் பரவலானது, நம்பும்படியும் இருக்கிறது.

இடையே முதல் உலகப் போர். பிரான்ஸில் டாங்கிப் பயிற்சிப் பள்ளியை நடத்தி, 1918 செப்டம்பர் 26 அன்று ஷெப்பி கிராமத்தருகே தொடையில் குண்டடி பட்டார். சமாதான காலத்து மந்தமான பதவி உயர்வுகளில் பல ஆண்டுகள் கழிந்தன. ஹவாயில் பணியாற்றியபோது, 1935-இல், இரண்டாம் ரிவால்வர் வந்தது.

ஸ்மித் அண்ட் வெசனின் .357 மேக்னம் அதே ஆண்டில்தான் அறிமுகமானது. அன்றைய கைத்துப்பாக்கிகளில் இதன் வேகத்துக்கு ஈடில்லை. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. வாங்குபவர் குழல் நீளத்தையும் குறிப்பார்வையையும் சொல்லி அனுப்ப, தொழிற்சாலை தனியாகச் செய்து, சுட்டுச் சரிபார்த்து, அவர் பெயரில் பதிவுச் சான்றிதழோடு கொடுக்கும். பேட்டன் கேட்டது மிகக் குறுகிய மூன்றரை அங்குலம். கொடிக்கருக்கு இல்லை, வெள்ளி இல்லை. கண்ணாடிபோல் தேய்த்தெடுத்த ஆழ்ந்த நீலம்; சட்டத்தின் மேற்புறத்தில் மட்டும், வெளிச்சம் கண்ணில் தெறிக்காதபடி நெருக்கமான கட்டக்கோடுகள். உருளை பக்கவாட்டில் வெளியே சாயும். ஒரே தள்ளலில் ஆறு வெற்றுத் தோட்டாக்களும் விழுந்துவிடும். ருபியோவில் இது இருந்திருந்தால் சுவரோரம் ஒதுங்க வேண்டியிருந்திருக்காது. இதைத் தம் 'கொல்லும் துப்பாக்கி' என்று அவர் சொல்வதுண்டாம். இதற்கும் தந்தப் பிடியும் முதலெழுத்துகளும் போட்டதால்தான் இரட்டையர் மயக்கம்.

இரண்டுக்கும் உறை செய்தவர் எல் பாஸோவின் எஸ். டி. மையர்ஸ். மூடியோடு கூடிய ராணுவ உறையாக இல்லாமல், பிடி முழுதும் வெளியே தெரியும் மேற்குப் பிராந்தியத் தோல் உறையாக அமைந்தது. பிடி தெரிய வேண்டும் என்பதே நோக்கம். தளபதியைப் படைவீரன் தூரத்திலிருந்தே அடையாளம் காண வேண்டும் என்று பேட்டன் நம்பினார். பளபளக்கும் தலைக்கவசம், குதிரைச் சவாரிக் காற்சட்டை, இடுப்பில் வெண்பிடி. நாடகம்தான், ஆனால் கணக்குப்போட்ட நாடகம். பல படங்களில் ஒரே ஒரு ரிவால்வர்தான் இருக்கும், பெரும்பாலும் கோல்ட்.

1942 நவம்பர் 8, மொராக்கோ கரையில் தரையிறங்கும் நாள். அகஸ்டா போர்க்கப்பலின் பக்கவாட்டில் அவருடைய படகு உடைமைகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கிகளை மட்டும் எடுத்துவரும்படி உதவியாளரை அனுப்பினார். எடுத்துவந்த சற்று நேரத்தில் கப்பலின் பீரங்கிகள் முழங்கின. அந்த அதிர்விலேயே படகு சிதைந்து, மற்ற உடைமைகள் எல்லாம் கடலில் போயின.

அடுத்த ஆண்டு சிசிலியில் அதே இடுப்பு ஆயுதம் வேறு விதமாக வெளிவந்தது. 1943 ஆகஸ்டில் கள மருத்துவமனையில் மனம் உடைந்து கிடந்த ஒரு படைவீரரை அறைந்து, துப்பாக்கியை எடுத்து மிரட்டினார். மேலதிகாரி ஐசனோவர் கண்டித்தார், பேட்டன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது, மாதக்கணக்கில் களத் தலைமை இல்லாமல் கிடந்தார். துப்பாக்கியின் அழகைப் பாராட்டுபவர்கள் இந்தச் சம்பவத்தைத் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். தாண்டக் கூடாது. கோல்ட் சுட்ட நாளைவிட, இடுப்பு ஆயுதம் சுடாமலேயே அவமானம் தேடித்தந்த இந்த நாள்தான் அவர் வாழ்வில் பெரிய விளைவை உண்டாக்கியது.

1944 ஆகஸ்டில் மூன்றாம் படையோடு களம் திரும்பியவர் பிரான்ஸைக் குறுக்காகக் கடந்தார். டிசம்பர் 26 அன்று பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகர முற்றுகையை அவர் படை உடைத்தது. ஒரு படைத்தலைவர் ரிவால்வரால் சுடவேண்டிய கட்டம் அந்தப் போரில் இல்லை. 1945 டிசம்பர் 9 அன்று மான்ஹைம் அருகே கார் விபத்தில் காயமுற்று, 21-ஆம் தேதி ஹைடல்பர்க்கில் இறந்தார். லக்சம்பர்க்கின் ஹாம் கல்லறையில் தம் படைவீரர்களோடு கிடக்கிறார். 1970-இல் ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்த திரைப்படம் வந்த பின் தந்தப் பிடிகளுக்குப் புது ஆயுள் கிடைத்தது. நகல்கள் இன்றும் விற்கின்றன. நகல்களில் வெட்டுக்குறி இருக்கும், ஹெல்ஃப்ரிக்ட் பட்டறையின் கை இருக்காது.

ஆயுதமாக மட்டும் மதிப்பிட்டால் ஸ்மித் அண்ட் வெசனுக்கே முதலிடம். கைவேலை என்ற அளவில் கோல்ட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது. இரண்டும் கெண்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள பேட்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தவை.