கண்ணாடி வைத்த பள்ளிவாசல்

கட்டிடத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இவனுக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நாவல் எழுதுகிறவனுக்கு வீடும் வாசலும் பாத்திரங்களைப்போலத்தான். அந்தத் தகுதி போதும் என்றே நினைக்கிறேன்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பெரிய பள்ளிவாசலைத்தான் சொல்கிறேன். 1961-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்பேரில் துருக்கியிலிருந்து அந்த நாட்டுக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். கொலோனில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வெகுகாலம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தில் தொழுதுவந்தார்கள். அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தந்தவர் பால் போம். அவருடைய பாட்டனாரும் தகப்பனாரும் கிறிஸ்தவ ஆலயங்கள் கட்டிப் பெயர் பெற்றவர்கள்.

மினார்கள் இரண்டும் 55 மீட்டர் உயரம். அந்த ஊர்க் கதீட்ரலோ 157 மீட்டர். எனவே போட்டி என்ற பேச்சுக்கு இடமில்லை. எனக்குப் பிடித்தது குவிமாடம். அதை மூடிய கிண்ணமாகக் கவிழ்த்துவிடாமல், விரியும் மொட்டுப்போல வளைந்த கான்கிரீட் ஓடுகளாகப் பிரித்து, இடையிலே கண்ணாடி வைத்திருக்கிறார். தெருவிலிருந்து அகலமான படி ஏறினால் முற்றம். நூலகமும் கடைகளும் உண்டு. தொழ வராதவனையும் ‘வாருங்கள்’ என்று கூப்பிடுகிற கட்டிடம் இது.

நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த எழுத்தாளர் ரால்ஃப் ஜோர்டானோ 2007-ல் இதை எதிர்த்தார். ஒட்டி வாழ்வதே நடக்காதபோது இது தவறான அடையாளம் என்பது அவர் கட்சி. வெறுப்பை வியாபாரமாக்கிய வலதுசாரிக் கும்பலோடு அவரைச் சேர்க்க எனக்கு மனமில்லை. அவருக்குப் பதிலாகத்தான் அந்தக் கண்ணாடி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் நிர்வாகத்தின் நடத்தை வேறு. 2011-ல் போமுடன் பிணங்கி ஒப்பந்தத்தையே முறித்தார்கள். 2018 செப்டம்பர் 29-ல் துருக்கி ஜனாதிபதி எர்டோகன் வந்து திறந்துவைத்தார். போலீஸ் தெருக்களை அடைத்தது. நகர மேயர் போகவில்லை. அக்கம்பக்கத்தார் தடுப்புக்கு வெளியே நின்றார்கள். திறப்பு விழாவன்று மூடிக்கிடந்தது வாசல்!

2022 அக்டோபரில் வெள்ளிக்கிழமைப் பாங்கு ஒலிபெருக்கியில் கேட்டது. நகரசபை அனுமதித்த அளவுச் சத்தம்தான். அயலாரோடு வாழ அதுவே முறை.

கட்டியவனைவிடச் சின்ன மனசுக்காரர்கள் கையில் நல்ல கட்டிடம் சிக்குவது புதிதல்ல. ஆட்கள் மாறுவார்கள், படியும் கண்ணாடியும் இருக்கும். யாரை உத்தேசித்து அவற்றை வைத்தார்கள் என்று அடுத்த தலைமுறையாவது கேட்கும்.