ஒரு சொட்டு நல்லெண்ணெய் எவ்வளவு தூரம் போகும்?

வில்லியனூர் பக்கம் மரச்செக்கில் எள் ஆட்டும்போது ஒரு தடவையாவது கிட்டப் போய் நின்று பாருங்கள். எள்ளோடு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு உலக்கை சுற்ற ஆரம்பிக்கும். முதலில் வெறும் தூள். பிறகு சேறு மாதிரி பிசுபிசுப்பு. அப்புறம் எங்கிருந்தென்றே தெரியாமல் ஓரத்தில் எண்ணெய் கசிந்து தேங்கும். அந்த வாசனைக்கு ஈடு கிடையாது! கொழுப்பு என்றாலே மாரடைப்பையும் தொப்பையையும் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கோ, நம் உடம்பில் இதைவிட அழகாக வேலை செய்யும் பொருள் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த எண்ணெயை வைத்து நான் ஆசை ஆசையாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, அலை அடங்கியதும் மேலே மெல்லிசாக மஞ்சள்தூளைத் தூவ வேண்டும். நடுவில் ஈர்க்குச்சி நுனியால் ஒரு பொட்டு எண்ணெய். அவ்வளவுதான், மஞ்சள் முழுவதும் சட்டென்று ஓரத்துக்கு ஒதுங்கும்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. “எண்ணெய்ல என்னாடா இருக்குது, தலைக்குத் தேய்ச்சினு போய்க் குளி” என்பார் எங்கள் ஆயா. என்ன இல்லை ஆயா!

பெஞ்சமின் பிராங்க்ளின் இதையே லண்டனில் கிளாப்பம் குளத்தில் செய்து பார்த்து, 1774இல் எழுதி வைத்தார். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் தண்ணீரில் பரவி அலையை அடக்கியதாம். அரை ஏக்கர்! கணக்குப் போட்டால் அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாலு லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது, ஒரே ஒரு மூலக்கூறின் உயரம். கொழுப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், நீண்ட வால்களுக்குப் பிடிக்காது. அதனால் முனை தண்ணீரைத் தொட, வால் மேலே நீட்டிக்கொள்ள, பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிடுகின்றன.

இந்தக் குணம்தான் நம்மை உயிரோடு வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டலும் சேர்ந்து 1925இல் செய்த சோதனையைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சிவப்பணுக்களில் இருந்த கொழுப்பையெல்லாம் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் பரப்பினார்கள். மனிதன், நாய், முயல், ஆடு என்று பல ரத்தங்களிலும் பார்த்தார்கள். பரவிய பரப்பு, அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. அப்படியென்றால் செல்லுக்குச் சுவராக நிற்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு! வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்திருக்க, முனைகள் இரு பக்கமும் தண்ணீரில். முதிர்ந்த சிவப்பணுவுக்குள் வேறு சவ்வே கிடையாது, எடுத்த கொழுப்பு மொத்தமும் வெளிச்சுவருடையது; அந்த அணுவைத் தேர்ந்தெடுத்தது எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்! அவர்கள் அளவுகளில் இரண்டு பிழை இருந்தது என்பதும், ஒன்றை ஒன்று சரிக்கட்டி விடை சரியாக வந்தது என்பதும் எனக்கு இன்னும் பிடித்த சேதி. அந்தச் சுவரின் கனம் மில்லிமீட்டரில் சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. பிராங்க்ளின் குளத்துப் படலத்தைப்போல் இரட்டிப்பு.

  

அந்தச் சுவர் கெட்டியாகவும் இருக்கக்கூடாது, ஒழுகியும் போகக்கூடாது. இதைப் புரிந்துகொள்ள மார்கழி விடியலில் உங்கள் அலமாரியைத் திறந்தால் போதும். தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும், பக்கத்துப் பாட்டிலில் நல்லெண்ணெய் அப்படியே ஓடும். தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேரானவை, நெருங்கி அடுக்கிக்கொள்ளும். எள் எண்ணெயின் வால்களில் மடிப்பு விழுந்திருக்கும், நெருங்க முடியாது. நம் செல்கள் இந்த இரண்டு வகையையும் கலந்து, கொலஸ்டிராலையும் நடுநடுவே சொருகி, வேண்டிய பதத்துக்குக் கொண்டுவருகின்றன. ஆமாம், எல்லோரும் திட்டும் அதே கொலஸ்டிரால்! பித்தநீரின் அமிலங்களும், ஆண் பெண் ஹார்மோன்களும் அதிலிருந்து பிறப்பவை. வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும் அதன் சொந்தக்காரன்தான்.

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிப்படைப்பது நுரையீரல். அங்குள்ள கோடிக்கணக்கான காற்றறைகளின் உள்ளே ஈரப்பசை. அது ஒவ்வோர் அறையையும் சுருட்டி ஒட்டவைக்கப் பார்க்கும். அதை ஒட்டவிடாமல் தடுப்பது கொழுப்பாலான ஒரு படலம், என் தாம்பாளத்துப் படலத்தின் உடன்பிறப்பு. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது போதிய அளவு சுரந்திருக்காது. 1959இல் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீடு என்ற ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆனால் அது உடனே மருந்தாகவில்லை, 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் பச்சைக் குழந்தையே இந்தக் குறையால்தான் இறந்தது. 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த கொழுப்பைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டுக் காட்டினார். மூச்சு சீரானது!

என் அக்கா மகள் ஏழாம் மாதம் முடிந்ததுமே பிறந்துவிட்டவள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே குழிந்து போகும். மெல்லிய குழாய் வழியாக, பால் மாதிரி வெள்ளையாக ஏதோ சில மில்லி விட்டார்கள், ஒரு தேக்கரண்டிகூட வராது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்த டாக்டர், ஆக்சிஜனைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். அது என்ன மருந்து டாக்டர் என்று கேட்டேன்.

“கொழுப்புதாங்க” என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.