பிழையான பில்ட்டோடு எவ்வளவு தூரம்?

டயப்லோ 2 விளையாட்டில் லெவல் ஒன்று ஏறினால் ஐந்து பொயின்ட் கையில் விழும். ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, வைட்டாலிட்டி, எனர்ஜி என்று நான்கு கட்டங்கள். ஐந்தையும் எதில் போடுவது என்பது உங்கள் இஷ்டம். 2000ஆம் ஆண்டு அந்த கேம் வந்தபோது இதைப் பெரிய சுதந்திரம் என்று கொண்டாடினார்கள். ஆனால் அதில் ஊறிய யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: போடப்போகும் கவசத்துக்கு வேண்டிய அளவு ஸ்ட்ரெங்த், கேடயம் நூற்றுக்கு 75 தடவை தடுக்கும் அளவுக்கு டெக்ஸ்டெரிட்டி, மிச்சமெல்லாம் வைட்டாலிட்டி, எனர்ஜியில் ஒன்றுகூட வேண்டாம். எனர்ஜி ஷீல்டை நம்பும் சோர்சரஸ் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி நான்கு கட்டங்களில் இரண்டு வெறும் கணக்கு, ஒன்று கட்டாயம், ஒன்று புதியவர் விழுவதற்கென்றே தோண்டிய குழி. இதில் தெரிவு எங்கே இருக்கிறது?

ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் கேம் விளையாடுகிறவர்களுக்குள் ஓயாத சண்டை இது. ஒருவன் இணையத்தில் கிடைத்த பில்ட்டை, அதாவது எந்தப் பொயின்ட்டை எதில் போடுவது என்ற திட்டத்தை, வரிக்கு வரி பார்த்துப் போட்டு வேகமாக முடிக்கிறான். இன்னொருவன் தன் மனம் போன போக்கில் கட்டி, பாதியில் மாட்டிக்கொண்டு, அவனைப் பார்த்து ஈயடிச்சான் கொப்பி என்கிறான். இருவருமே விளையாடுகிறவனின் குணத்தைத் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த விசாரணையில் அக்கறையில்லை. விசாரிக்க வேண்டியது கேமை. எத்தனை தெரிவுகளை அது கண்ணில் காட்டுகிறது என்பதை விட்டுவிட்டு, அவற்றில் எத்தனையோடு கடைசி எதிரி வரைக்கும் போய்ச் சேரலாம் என்று பார்க்க வேண்டும். பிழை விட்டவன் திரும்பி வர என்ன விலை என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான்கு பெரிய கேம்களை நிறுத்துப் பார்க்கலாம்.

டயப்லோ 2இன் ஸ்கில்களுக்கு வருவோம். லெவலுக்கு ஒரு பொயின்ட், அதோடு குவெஸ்ட்களில் 12. கடைசி லெவலான 99ஐத் தொட்டால் மொத்தம் 110. அந்த லெவலைத் தொடுகிறவர்கள் மிகச் சிலர் என்பதால், நடைமுறையில் நூறு சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். 2003 ஒக்டோபரில் வந்த 1.10 பட்ச், ஒரு ஸ்கில்லில் போட்ட பொயின்ட் இன்னொன்றின் அடியையும் ஏற்றும்படி செய்தது. கீழ்மட்ட ஸ்கில்கள் குப்பையில் போகாமல் உயிர் பெறட்டும் என்ற நல்லெண்ணம்தான். விளைவு நேர்மாறாகப் போயிற்று. பலடினின் பிளெஸ்ட் ஹாமரில் 20, அதை ஏற்றும் இரண்டு துணை ஸ்கில்களில் இருபது இருபது, கொன்சன்ட்ரேஷனில் 20. ஒரேயொரு சுத்தியலுக்கு 80 பொயின்ட் போய்விட்டது. அந்தச் சுத்தியலின் மாய அடி ஏறாத எதிரிகள் மிகக் குறைவு என்பதால் ஊரே அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. பனியை மட்டும் நம்பிய சோர்சரஸ், ஹெல் என்ற கடைசிக் கடினமட்டத்தில் பனி ஏறாத கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள். இரண்டாவது வித்தை ஒன்றை ஒழுங்காக வளர்க்க அவளிடம் பொயின்ட் மிச்சமில்லை.

இலங்கையின் மலைநாட்டு ரயில் பாதையில், கம்பளையிலிருந்து எங்கள் நாவலப்பிட்டி வரைக்கும் எந்த எஞ்சினும் ரயிலை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதன் யோக்கியதை தெரிவது அதற்குமேல், 44க்கு 1 என்று ஏறும் வட்டவளைப் பக்கத்தில்தான். டயப்லோ 2உம் அப்படித்தான். நோர்மலிலும் நைட்மேரிலும் எதைப் போட்டாலும் ஓடும். ஹெல்லுக்குப் போனதும் எதிர்ப்புச் சக்தியில் 100 குறைகிறது, அடி ஏறாத எதிரிகள் வரிசையாக வருகிறார்கள். பல வாரங்களுக்கு முன்னால் போட்ட பொயின்ட் பிழை என்பது அங்கேதான் தெரியவருகிறது. திரும்பிப் போக வழியில்லை. 2010 மார்ச்சில் 1.13 பட்ச் வந்து, கேமில் வரும் அகாரா கிழவி பொயின்ட்களைத் திருப்பித் தரத் தொடங்கும்வரை கிட்டத்தட்ட பத்து வருஷம் இதே கதிதான். அந்தப் பத்து வருஷத்தில் பில்ட்டைக் கொப்பியடித்தவன் சோம்பேறியல்ல, விவரம் தெரிந்தவன்.

சிவிலைசேஷன் 4 கேமின் தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜோன்சன் சொன்ன ஒரு கருத்து இந்தப் பேச்சு எழும் இடமெல்லாம் எடுத்து வீசப்படுகிறது: வாய்ப்புக் கிடைத்தால் விளையாடுகிறவர்கள் கணக்குப் போட்டே ஆட்டத்தின் ருசியைக் கொன்றுவிடுவார்கள் என்பது. ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் டயப்லோ 2இன் வழக்கில் இது பொருந்தாது. மனம்போன போக்குக்குத் தண்டனை நாற்பது, ஐம்பது மணிநேர உழைப்பு என்று விதித்துவிட்டு, ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள் என்று குறைபட்டால் எப்படி?

2012 மே 15இல் வந்த டயப்லோ 3 இதற்கு மருந்து என்று சொல்லி நோயாளியையே மாற்றிவிட்டது. பொயின்ட் போடும் வேலையே கிடையாது. ஸ்ட்ரெங்த் முதலானவை தாமாக ஏறும். எந்த ஸ்கில்லையும் எந்த நேரமும் கழற்றி மாட்டலாம். என் இரண்டாவது அளவுகோலில் இதற்கு முழு மார்க்ஸ் கொடுக்க வேண்டும்: பிழைக்கு விலையே இல்லை. ஆனால் 2014இல் கிரேட்டர் ரிஃப்ட் வந்து, யார் எந்த மட்டத்தை எத்தனை நிமிஷத்தில் முடித்தார் என்ற ஒரேயொரு அளவுகோல் உட்கார்ந்ததும் மறுபடி பழைய கதை. ஆறு உருப்படி கொண்ட ஒரு செட்டை அணிந்தால் குறிப்பிட்ட ஸ்கில்லின் அடி ஆயிரக்கணக்கான சதவீதம் ஏறும். அந்த ஸ்கில்லைத் தவிர வேறெதையும் பாவிப்பது அப்புறம் வீம்பு. சீசன் தொடங்கும்போது ஒரு செட்டை இலவசமாகவும் கொடுத்தார்கள். எதையும் மாற்றலாம் என்ற அனுமதி கையில் இருக்கிறது, மாற்றினால் தோற்பீர்கள். நால்வரில் எனக்குச் சப்பென்று இருப்பது இதுதான்.

பாத் ஒஃப் எக்ஸைலை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 ஒக்டோபரில் வெளியிட்டது. இதில் எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒரே ஸ்கில் மரம், 1,300க்கும் மேற்பட்ட முடிச்சுகள். முதல் தடவை அதைத் திறந்து பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். கைக்கு வரும் பொயின்ட் சுமார் 120 என்பதால் மரத்தின் பத்தில் ஒரு பங்கைத்தான் தொடலாம். ஏட்டளவில் இதைவிடப் பெரிய சுதந்திரம் இந்த வகையில் கிடையாது. மரத்தை வைத்துக் கணக்குப் போட ஆர்வலர் ஒருவர் செய்த பாத் ஒஃப் பில்டிங் என்ற மென்பொருளில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த உட்காரலே விளையாட்டு, எதிரியை அடிப்பது விடையைச் சரிபார்க்கும் வேலை. அந்த ருசியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மரத்துக்கு வெளியே ஒரு வரி வசூல் நடக்கிறது. ஐந்தாம் அங்கம் முடிந்ததும் நெருப்பு, பனி, மின்னல் எதிர்ப்பில் 30 வெட்டு, பத்தாவது முடிந்ததும் இன்னொரு 30. மூன்றையும் 75 என்ற உச்சத்துக்குக் கொண்டுவந்து வைக்காதவன் அதற்குமேல் நின்றுபிடிக்க மாட்டான். மோதிரம், சப்பாத்து, இடுப்புப்பட்டி என்று பாதி உருப்படிகள் இந்தக் கடனை அடைக்கவே போய்விடும். உயிர்க்குமிழைப் பெருக்கும் முடிச்சுகளையும் கழித்துப் பார்த்தால், மனம்போல நடக்க மிஞ்சும் இடம் மரத்தின் தோற்றத்துக்குச் சம்பந்தமில்லாத சிறு முற்றம். அந்த முற்றமும் பல நூறு மணிநேரம் ஆடியவருக்குத்தான் கண்ணில் படும். புதியவரிடம் அனுபவசாலிகளே சொல்லும் முதல் புத்திமதி, ஒரு கைட்டைப் பார்த்துப் போடு என்பதுதான்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிய லீக், புதிய மாற்றங்கள் என்று கலைத்துப் போடுகிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். சதுரங்கத்தில் பொபி ஃபிஷர் 1996இல் முன்வைத்த 960 வகை இங்கே நல்ல உரைகல். பின்வரிசைக் காய்கள் குலுக்கி வைக்கப்படும்; எந்த அடுக்கு என்பது ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் தெரியும் என்பதால் மனப்பாடம் செல்லாது. 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா கார்ல்சனை வென்றது இந்த வகை ஆட்டத்தில்தான். லீக்கின் கதை வேறு: மாற்றங்களின் பட்டியல் நாட்கணக்கில் முன்னதாகவே வெளியாகிவிடுகிறது. கதவு திறக்கும் முன்பே விடைத்தாள் தயார்.

எங்கள் பக்கத்து நிலைமையில் இதெல்லாம் இன்னும் உறைக்கும். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்து விற்கும் நாட்டில், பல பத்து ஜிபி கொண்ட ஒரு கேமை நள்ளிரவுக்குப் பிறகு முழித்திருந்து இறக்குகிறவனுக்குப் பரிசோதனை என்பது ஆடம்பரம். பாத் ஒஃப் எக்ஸைல் இலவசம்தான், ஆனால் இணையம் இல்லாமல் ஓடாது. கணினியில் டயப்லோ 3உம் அப்படியே. 2022 பெப்ரவரி 25இல் எல்டன் ரிங் வந்தது. ஒரு மாதம் கழித்து இங்கே நாளொன்றுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. லெப்டொப் சார்ஜ் இருக்கும்வரைதான் ஆட்டம் என்ற நிலையில், பிழையான பில்ட் ஒன்றைக் கலைத்து முதலிலிருந்து கட்டு என்று சொல்லும் கேம், வசதியுள்ளவனுக்கு மட்டுமே சுதந்திரம் தருகிறது. திரும்பி வரும் செலவை நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

அதே எல்டன் ரிங்கை அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். எட்டுக் கட்டங்கள். இன்டெலிஜென்ஸில் கொஞ்சம், ஃபெய்த்தில் கொஞ்சம், ஸ்ட்ரெங்த்தில் கொஞ்சம் என்று எந்தக் கைட்டும் ஒப்புக்கொள்ளாத விதத்தில் தூவிவிட்டு ஸ்டோர்ம்வேல் கோட்டை வாசலுக்குப் போங்கள். மார்கிட் நிற்பான். கோலை ஓங்குவான், நீங்கள் உருள்வீர்கள், அடி விழாது. உருண்டு எழுந்து நிற்கும்போதுதான் இறங்கும். உங்கள் பொயின்ட் எங்கே இருந்தாலும் அந்த இடைவெளியைக் கை பழகியே தீர வேண்டும். கை பழகிவிட்டால் பிழையான பில்ட்டும் அவனைத் தாண்டும். ஆயுதத்தின் அடியில் பெரும்பங்கு கல் வைத்துத் தட்டி ஏற்றுவதில் வருகிறது. அதற்கும் லெவல் பொயின்ட்டுக்கும் தொடர்பில்லை. ஆஷ் ஒஃப் வார் என்ற ஆயுத வித்தையைக் காசில்லாமல் கழற்றி மாற்றலாம், அதோடு ஆயுதம் எந்தக் கட்டத்தைச் சார்ந்திருக்கும் என்பதும் மாறும். முதல் லெவலிலேயே நின்று கடைசிவரை முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஹெல்லில் பனி ஏறாத கூட்டத்தின் முன்னால் நின்ற சோர்சரஸுக்கு இப்படியொரு வழி இருக்கவில்லை.

இங்கேயும் உச்ச பில்ட் இல்லாமலில்லை. வந்த முதல் மாதமே ஹோர்ஃப்ரொஸ்ட் ஸ்டொம்ப் என்ற ஆயுத வித்தையும் மிமிக் டியர் என்ற துணை ஆவியும் எல்லார் கையிலும் இருந்தன. மார்ச்சில் வந்த 1.03 பட்ச் இரண்டையும் குறைத்தது. உயிரைக் கூட்டும் விகர் கட்டத்தை நாற்பதுக்காவது கொண்டுபோகாதவனுக்குப் பிற்பாதி நரகம். ஆக வைட்டாலிட்டி வரி இங்கும் வேறு பெயரில் உண்டு. ஆளோடு ஆள் மோதும் களத்தில் உச்ச பில்ட்தான் ராஜா. ஆனாலும் உச்ச பில்ட் எடுத்தவன் கெதியாகப் போனான், எடுக்காதவன் மெதுவாகப் போனான். பாதை யாருக்கும் அடைபடவில்லை. 2024 ஜூனில் வந்த ஷாடோ ஒஃப் தி எர்ட்ரீ இன்னும் ஒரு படி போனது. அங்கே பலம் ஏறுவது தேடிப் பொறுக்கும் துண்டுகளால். எந்த பில்ட்டுக்கும் அது ஒரே அளவில் ஏறும்.

எல்டன் ரிங்கைச் செய்த அதே நிறுவனம் 2025 மே மாதத்தில் நைட்ரெயின் என்ற கேமை வெளியிட்டபோது பொயின்ட் போடும் வேலையை முற்றாக எடுத்துவிட்டது. ஆட்கள் தயார்நிலையில் வருகிறார்கள், 15 லெவல் வரைக்கும் ஒவ்வொரு லெவலிலும் கட்டங்கள் தாமாக ஏறும். டயப்லோ 3 செய்த அதே காரியம்தான். ஆனால் ஒரு சுற்று ஒரு மணிநேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, வழியில் என்ன ஆயுதம் அகப்படும் என்று யாருக்கும் தெரியாது. அகப்பட்டதை வைத்துச் சமாளிப்பதே அங்கே தெரிவு. அதனால் இது சப்பென்று இல்லை.

தீர்ப்பு என்று கேட்டால் எல்டன் ரிங் முன்னால், அதற்கு நன்றாகப் பின்னால் பாத் ஒஃப் எக்ஸைல், அதுவும் கணக்கையே விளையாட்டாக ரசிப்பவர்களுக்கு. டயப்லோ 2 மூன்றாவது, 1.13க்குப் பிந்தியதென்றால் மட்டும். எல்டன் ரிங்குக்கும் மார்க்ஸ் வெட்ட ஓர் இடம் இருக்கிறது. அங்கே பொயின்ட்களைக் கலைத்துக் கட்ட ரெனாலா என்ற எதிரியைத் தோற்கடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அவை எண்ணிக்கையில் குறைவு, அந்தப் பெரிய உலகத்தின் மூலை முடுக்குகளில் ஒளித்து வைக்கப்பட்டவை. யாருடைய பில்ட்டையும் பார்க்காமல் இவ்வளவு தூரம் வந்தவன், அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கடைசியில் ஒரு கைட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.