ஏழு புத்தகங்களும் ஓர் அளவுகோலும்

புத்தகங்களைப் பற்றி நாம் பேசிக்கொள்வதில் பாதி, நேரக் கணக்குதான். ஒரே மூச்சில் முடித்தேன், ராத்தூக்கம் போயிற்று, ஐம்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இவையெல்லாம் படித்தவரைப் பற்றிய சேதிகள். புத்தகம் என்ன செய்தது, எதனால் அதைச் செய்ய முடிந்தது என்ற பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதில் தொடங்காத விமர்சனத்தை நான் நம்புவதில்லை. அதோடு நின்றுவிடும் விமர்சனத்தால் யாருக்கும் உபயோகம் கிடையாது.

ஒன்றோடொன்று ஒட்டாத ஏழு புத்தகங்களை அண்மையில் அடுத்தடுத்து மறுபடி படித்தேன். அவற்றை ஒரே கோலால் அளந்து பார்க்கிறேன். கோல் இதுதான்: எழுதியவர் தமக்குத் தெரிந்ததில் எவ்வளவை, வாசகர் தாமே கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்? நாவலையும் தன்வரலாற்றையும் சமையல் புத்தகத்தையும் ஒரே கோலால் அளப்பது அநியாயம் என்று தோன்றலாம். அந்த அநியாயம் எந்த இடத்தில் பல்லிளிக்கிறது என்று பார்ப்பதும் என் நோக்கம்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்திலிருந்தே, வருகிற ஆள் நல்லவரா, சூதுக்காரரா, சிரிக்கவைக்க வந்தவரா என்பதைக் கல்கி நம் காதோடு சொல்லிவிடுகிறார். என் கோலின்படி தோற்றிருக்க வேண்டிய நாவல். ஒரே ஒரு பாத்திரம் அதைக் காப்பாற்றுகிறது. நந்தினியின் பிறப்பு ரகசியத்தைக் கல்கி கடைசிவரை முழுசாக அவிழ்ப்பதில்லை. உடையார்குடிக் கல்வெட்டில் உள்ள ரவிதாசன் பெயரைச் சதிகாரனுக்கு வைத்தவர், கடம்பூர் மாளிகையின் இருட்டில் ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் கை என்பதை மட்டும் மங்கலாகவே விட்டுவிட்டார். எழுபது ஆண்டுகளாக அந்த இருட்டைப் பற்றித்தான் ஜனங்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் நடந்த மீதிக் கதையைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

கல்கியைக் கேலி செய்யாமல் தீவிர இலக்கியத்துக்குள் நுழைய முடியாது என்றொரு காலம் இருந்தது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) நாவலில், தமிழ் எழுத்தாளன் பாலுவிடம் மலையாள எழுத்தாளன் ஜே.ஜே. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை வைத்து ஒரு கிண்டல் செய்வான். தமிழில் இவ்வளவு பேர் மேற்கோள் காட்டிய இலக்கிய நையாண்டி வேறு இல்லை. நையாண்டி கூர்மையானதுதான். ஆனால் இதே நாவலைக் கல்கியின் பக்கத்தில் வைத்தால் சங்கடமான ஓர் ஒற்றுமை தெரிகிறது. கல்கி தம் வீரர்களை மெச்சுவதுபோல் பாலு ஜே.ஜே.யை மெச்சுகிறான். ஜே.ஜே. என்கிற ஜோசஃப் ஜேம்ஸ் இறந்தது 1960 ஜனவரி 5. ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். தொடக்கத்திலேயே இந்த இரண்டு மரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவன் எந்த வரிசை ஆள் என்பதை நாவல் தீர்மானித்துவிடுகிறது. வாசகருக்கு மிஞ்சும் வேலை ஆமோதிப்பது.

அவன் மேதை என்பதற்கு என்ன சாட்சி? நாவலின் பிற்பாதியில் வரும் நாட்குறிப்புகள். பளிச்சென்ற வரிகள் அவற்றில் உண்டு. இளவயதில் படிக்கிறவர்கள் பென்சிலும் கையுமாகத்தான் உட்கார்வார்கள். ஆனால் வரி பளிச்சிடுவது ஒன்று, மனம் ஒரு பிரச்சினையோடு மல்லுக்கு நிற்பது வேறொன்று. மேதைமை என்று ஒன்று இருந்தால் அதை ஒரு நிகழ்ச்சியில், ஒரு முடிவெடுப்பில், ஓர் ஆளோடு அவன் பழகும் விதத்தில் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பகுதி கேள்விப்படுகிறோம். நாவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை, குறிப்பு, நாட்குறிப்பு, பின்னிணைப்பு என்று உடைத்துக் காட்டிய துணிச்சல் பெரிது. 1981இல் அது தமிழுக்குத் தேவையாகவும் இருந்தது. வடிவத்தின் வரலாற்றில் இதற்கு இடம் உண்டு. நாவலாக, இதே ஆசிரியரின் ‘ஒரு புளியமரத்தின் கதை’க்கு (1966) இது உறை போடக் காணாது. அங்கே ஒரு நாற்சந்தி மரம் கடைக்காரர்களின் போட்டியிலும் நகராட்சி அரசியலிலும் சிக்கிச் சாகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் நமக்கு வகுப்பெடுப்பதில்லை.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வந்து, 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்ற நூல். 122 அத்தியாயங்கள். பெரியவர்கள் தம் வாழ்க்கையைச் சொல்லும்போது வழக்கமாக வரும் பெருமிதம் இதிலும் இருக்கும் என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று சாமிநாதையர் அடுக்குகிறார். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட கல்லூரித் தமிழாசிரியர் அவர். அடுக்குவதற்குப் பஞ்சம் இல்லை. எதிரே இருப்பவர் முகத்தில் அசைவே இல்லை. இதனால் என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார்.

ஒரு முன்சீபின் அலட்சியத்தில் தம் கர்வம் அடிபட்டதை, எண்பத்தைந்து வயது மகாமகோபாத்தியாயர் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த அடியிலிருந்து தமிழின் பழைய இலக்கியம் அச்சேறிய கதை புறப்படுகிறது. சிந்தாமணி 1887இல் பதிப்பாகிறது. நடுவில், சமண நூலின் கருத்து பிடிபடாமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட விவரமும் வருகிறது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்கப் போனதையும், அது ஆசிரியருக்கு உவப்பில்லை என்று தெரிந்து விட்டதையும் சொல்லும்போது, பிள்ளையவர்கள்மேல் ஒரு குறையும் சொல்வதில்லை. ஆனால் பெரிய மனிதர்களிடமும் எவ்வளவு சின்ன அசூயை இருக்கக்கூடும் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. சொல்லாமல் விட்டது நமக்குக் கேட்கிறது. ஒரே குறை, விடுபட்டவை எல்லாம் இந்த வகையில் சேரவில்லை. மனைவி கல்யாணப் பகுதிக்குப் பிறகு ஏறக்குறைய காணாமல் போகிறார். அதை அடக்கம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து ஆண்களின் கண்ணுக்கு அது படவில்லை, அவ்வளவுதான்.

என் அளவுகோல் முதலில் சறுக்கிய இடம் எஸ்.மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் வந்தது, கல்யாணமாகிப் போகிற பெண்களின் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகப் போன புத்தகம். ‘தேவையான அளவு உப்பு’ என்று எழுதுகிறவர்கள் நிறைந்த துறையில், ஒன்றும் தெரியாதவர் அடுப்பு முன் நிற்கிறார் என்ற நினைப்பு மாறாமல், ஆழாக்கும் ரூபாய் எடையுமாக எழுதியவர் அவர். சமையல் புத்தகத்தில் வாசகரின் ஊகத்துக்கு விடுவது குற்றம். ஒரு சாதியாரின் சைவ அடுப்பங்கரையைத் தாண்டி அந்தப் புத்தகம் வெளியே வருவதில்லை. இருந்தாலும் வாசகர்மேல் வைத்த அக்கறையில் இந்த ஏழில் இதற்கு ஈடு இல்லை என்பதை, இலக்கியவாதிகள் கோபித்துக்கொண்டாலும், சொல்லத்தான் வேண்டும்.

பூமணியின் ‘வெக்கை’யை (1982) இன்று ‘அசுரன்’ (2019) படத்தின் மூலக்கதை என்றால்தான் பலருக்குத் தெரிகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரானை வெட்டுவதோடு நாவல் தொடங்குகிறது. கையை மட்டும் எடுப்பதாகத்தான் நினைத்திருந்தான். அண்ணனைக் கொன்றதற்குப் பழி. அதன்பின் தகப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததை ஆக்கித் தின்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள், கடைசியில் கோர்ட்டில் ஆஜராகப் போகிறார்கள். சாதிப் பெயர் ஒன்றுகூட நாவலில் இல்லை. யார் எந்தத் தெரு என்பதை நிலம், வேலி, பேச்சு இவற்றிலிருந்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படம் தகப்பனுக்கு ஒரு முன்கதை சேர்த்தது. படிப்பை யாராலும் பிடுங்க முடியாது என்று முடிவில் வசனமும் வைத்தது. தியேட்டரில் கைதட்டல் வாங்கிய வசனம் அது. நாவலில் வரும் தகப்பன் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. கொலை செய்துவிட்டு வந்த பையனை அவர் திட்டுவதும் இல்லை, தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை. ராத்திரிக்கு எங்கே படுப்பது, என்ன சாப்பிடுவது என்று பார்க்கிறார். பாசம் என்ற சொல்லுக்குத் தேவையே வரவில்லை. படம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நாவல் அதைவிட நம்மை மதிக்கிறது.

இதுவரை கோல் ஓரளவு ஒழுங்காக வேலை செய்தது. பாமாவின் ‘கருக்கு’ (1992) அதைப் பிடுங்கிக் கேள்வி கேட்கிறது. பள்ளிவிட்டு வரும் சிறுமி தெருவில் ஒரு காட்சியைப் பார்க்கிறாள். தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், குனிந்து முதலாளியிடம் நீட்டுகிறார். இவ்வளவு பெரிய மனுஷன் இத்தனை சின்னப் பொட்டலத்தை இப்படியா தூக்குவார் என்று அவளுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடித்துக் காட்டுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறான். தீண்டாமையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்த நூல் முனையும் நின்றுபோன சிரிப்பும் செய்ததை அவற்றில் எதுவும் செய்யவில்லை.

அதே புத்தகத்தின் கன்னியர் மடப் பகுதிகளில் பாமா எதையும் விட்டுவைப்பதில்லை. ஏழைகளுக்கு என்று சொல்லி வசதியானவர்களுக்கு நடத்தும் பள்ளி, மடத்துக்குள்ளும் புகுந்திருக்கும் சாதி, வெளியே வந்தபின் வந்த தனிமை எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆற்றாமைப்படுகிறார், அறைகூவல் விடுகிறார். என் கோலின்படி இது சரிவு. ஆனால் அந்தக் கோல் யார் கையால் செய்தது? சொல்லாமல் விட்டாலும் வாசகருக்குப் புரியும் என்று நம்புவதற்கு, அந்த வாழ்க்கை முன்பே நூறு கதைகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காவிரிக்கரை அக்ரகாரத்தை ஒரு கோடு போட்டுக் காட்டினால் போதும்; மீதியை வாசகர் நிரப்பிக்கொள்வார், ஏற்கெனவே ஆயிரம் பக்கம் படித்திருக்கிறார். 1992இல் சேரித் தெருவுக்குள் வளர்ந்த கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. அடக்கம் என்பது கலைக் குணம்தான். கொஞ்சம் சொத்து உள்ளவர்களுக்கு எளிதில் வாய்க்கும் குணமும்கூட. ஆகவே கோலைத் தூக்கிப் போடவில்லை, திருத்திக்கொள்கிறேன்: விட்டதை வாசகர் நிரப்பிக்கொள்ள வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டாலும் மடப் பகுதி, பொட்டலக் காட்சியின் உயரத்துக்கு வரவில்லை. ஆனால் அது குறை என்பதற்கும் தேவையற்றது என்பதற்கும் நிறைய தூரம். அந்தப் பேச்சுத் தமிழில் இத்தனை கோபத்தை அச்சில் ஏற்றலாம் என்று அது காட்டியபின் எத்தனை பேர் எழுத வந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973). சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், பம்புக்கு முன்னால் வரிசையில் குடங்கள், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். மூத்தவளை சினிமா ஆசை காட்டிப் பாஸ்கர் ராவ் பயன்படுத்திக்கொள்கிறான். இளையவளின் புருஷன் ராணுவத்தில், எங்கோ. தாய் சித்தம் கலங்கியவள். சின்ன நாவல். ஜமுனா சாவைத் தேடிப் போய்த் திரும்பியவள். அவளிடம் டீச்சரம்மா பேசும் இடத்தைப் பாருங்கள். ஆறுதல் கிடையாது. சின்ன வயதில், தன்னைவிட எத்தனையோ மூத்த மனிதனுக்குக் கழுத்தை நீட்டிய தன் கதையைச் சொல்கிறாள். இருமும் அந்தக் கணவன், மாமியார், பள்ளி வேலை, அதோடு தண்ணீர் பிடிக்கவும் வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறாள். ஜமுனா தேறினாள் என்று ஆசிரியர் எங்கும் எழுதுவதில்லை. அதற்கப்புறம் அவள் தெருவில் நடக்கிற விதம் மாறுகிறது, பாஸ்கர் ராவோடு பேசுகிற விதம் மாறுகிறது. தண்ணீர் ஒரு குறியீடு என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். குடம் தூக்கியவர்களுக்கு அது முதலில் தண்ணீர், நாவலிலும் அப்படியே. விட்டதை நிரப்பிக்கொள்ள வழி இருக்கிறதா என்ற திருத்திய கேள்விக்கும் இந்த நாவல் ஈடுகொடுக்கிறது. குழாயடி வரிசை எந்தச் சாதிக்காரருக்கும் விளக்கம் கேட்காமல் புரியும்.

என் தீர்ப்பு: முதல் இடம் ‘தண்ணீர்’, ஒட்டினாற்போல் ‘வெக்கை’. ‘கருக்கு’ இவற்றைவிடக் கரடுமுரடானது. ஆனால் இவற்றைவிட அவசியமானது. ‘என் சரித்திர’த்தைத் தமிழாசிரியர்களின் அலமாரியிலிருந்து மீட்டு நாவல் வாசகர்கள் படிக்க வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னுக்கு யார் சிபாரிசும் வேண்டாம். ‘சமைத்துப் பார்’ அடுப்பங்கரையிலேயே இருக்கட்டும். ‘ஜே.ஜே.’ ஒருமுறை படிக்க வேண்டிய புத்தகம். இரண்டாம் முறைக்கு அது தாங்கவில்லை. அதை வாங்க எடுத்துவைத்த பணம் உங்களிடம் இருந்தால், முதலில் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை வாங்குங்கள்.