வருடையும் வேட்டையுணவும்: பழந்தமிழ்ப் பாடல்களில் ஒரு மௌனத்தை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பழந்தமிழ்ப் பாடல்கள் இதனை 'வருடை' என்னும் பெயரால் சுட்டுகின்றன என்பது பெரும்பான்மையோர் கொள்கை. வேட்டை இறைச்சியின் சுவையையும் பக்குவத்தையும் நுணுக்கமாகப் பேசும் ஆற்றுப்படை நூல்களின் விருந்துப் பகுதிகளில் வருடையின் ஊன் இடம்பெறவில்லை. மாறாக, உயிருடன் பிடித்துக் கொணரப்பட்ட திறைப்பொருளாகவே அது பேசப்படுகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களையும், அதிலிருந்து பெறத்தக்க முடிவுகளின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: வருடை, வரையாடு, வேட்டை, ஊனுணவு, திறை, மலைபடுகடாம், திருவில்லிபுத்தூர் மலைத்தொடர்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்து செல்வர். இவ்வூருக்கு மேற்கே எழும் மலைகள் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் மலைகளோடு தொடர்பவை. 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தவை. வரையாடு இன்றும் எஞ்சியுள்ள மலைத்தொடர்களுள் இதுவும் ஒன்று. பளியர் என்னும் பழங்குடியினரும் இம்மலைகளில் வாழ்கின்றனர்.

இத்தகைய மலைகளைப் பற்றி எழுதுவோர் சங்கப் பாடல்களைச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. குறிஞ்சி நிலக் குறவர் வருடையை வேட்டையாடி உண்டனர் என்பது ஒரு சாரார் கூற்று. தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவ்விலங்கைப் பேணிக் காத்தனர் என்பது மற்றொரு சாரார் கூற்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு கூற்றுகளும் ஒரே பாடல்களை ஆதாரமாகக் கொள்கின்றன. ஆகவே, பாடல்கள் சொல்வன எவை, சொல்லாதன எவை என வரையறுப்பது தேவையாகிறது.

பாடல்களில் வருடையின் இடம்

அகப்பாடல்களில் வருடை பெரும்பாலும் இயக்கத்தால் அறியப்படும் விலங்கு. குறுந்தொகை 187ஆம் பாடலில் கபிலர், தாயின் பாலை நிறையக் குடித்த வருடைக்குட்டி மலைநிழலில் துள்ளுவதைக் காட்டுகிறார். குறுகிய கால்களை உடைய வருடையைத் தினை கவரும் கிளிகளோடு ஒரு காட்சியில் இணைக்கிறது ஐங்குறுநூறு 287. பட்டினப்பாலையில் இவ்விலங்கு நேரடியாக இடம்பெறவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பண்டப் பொதிகளின் மீது நாயும் ஆட்டுக்கடாவும் தாவிக் குதிப்பதற்கு உவமையாக மட்டுமே வருகிறது. கடற்கரை நகரைப் பாடும் புலவரும் மலைவிலங்கின் பாய்ச்சலை உவமையாக்கினார் எனில், அப்பாய்ச்சல் கேட்போருக்குப் பழகிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். பரிபாடல் 11இல் இச்சொல் மேட இராசியைக் குறிக்கும் அளவுக்குப் பொருள் விரிவு பெற்றுள்ளது.

இவற்றுள் நற்றிணை 119 தனிக் கவனம் பெறத்தக்கது. தினையைத் தின்ன வரும் பன்றிக்காகப் புனவன் வைத்த கல்பொறியில் புலி அகப்படுகிறது என அப்பாடல் தொடங்குகிறது. பின்னர், காட்டாற்றுக்கு அப்பால் ஆண்குரங்கு வருடையோடு தாவி விளையாடும் மலைநிழல் காட்டப்படுகிறது. பொறி தினைப்புனத்தில் உள்ளது. வருடையோ அதற்கு அப்பால் உள்ள பெருவரையில் உலவுகிறது. வேட்டையும் வருடையும் ஒரே பாடலில் இடம்பெற்றும் ஒன்றையொன்று தொடவில்லை.

விருந்தில் இடம்பெறும் ஊன்

சங்கப் புலவர்கள் ஊனுணவைப் பேசத் தயங்கியவர் அல்லர். மலைபடுகடாமில் மலைவாழ் மக்கள் கூத்தருக்கு அளிக்கும் விருந்து இதற்குத் தக்க சான்று. நெய்யில் வெந்த பருத்த தசைத்துண்டுகள் தினைச்சோற்றுடன் தரப்படுகின்றன. கடமானின் கொழுத்த தசையும், முள்ளம்பன்றியின் பசிய நிணமும், நாய் துரத்திப் பிடித்த விலங்கின் தசையும் மூங்கிலரிசிச் சோற்றோடும் புளியோடும் சேர்கின்றன. கொழுப்பு, புளிப்பு, சோற்றின் வகை என ஒவ்வொரு கூறும் தனித்தனியே பெயர் பெறுகிறது.

பிற ஆற்றுப்படைகளிலும் இந்நுணுக்கம் காணப்படுகிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்றியர் புளி கலந்த சூடான சோற்றோடு ஆமான் சூட்டிறைச்சியைத் தருகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் செந்நெற் சோற்றுடன் உடும்பின் பொரியல் கிடைக்கிறது. அங்கு வேட்டுவர் குழிகளில் பதுங்கிப் பன்றியின் வரவை எதிர்நோக்குகின்றனர். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் விருந்தில் அறுகம்புல் தின்று வளர்ந்த செம்மறியின் தொடை இறைச்சி வேகவைத்துத் தரப்படுகிறது. விலங்கு தின்ற தீவனத்திற்கும் அதன் ஊனின் தரத்திற்கும் உள்ள தொடர்பைப் புலவர் அறிந்திருந்தார் என்பதற்கு இது சான்று. ஊனைத் தின்று தின்று பொருநரின் பற்கள் கொழுமுனை போல மழுங்கின என்பதும் அந்நூலில் வரும் செய்தி.

வேட்டை வீரம் போற்றப்படும் புறப்பாடல்களிலும் நிலைமை இதுவே. புறநானூறு 152இல் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றைத் துளைத்துச் செல்கிறது. 150ஆம் பாடலில் வேட்டைக்கு வந்த நள்ளி, வன்பரணருக்கு ஊனைத் தீயில் வாட்டித் தருகிறான். இவ்வரிசைகளில் எங்கும் வருடை இல்லை.

உயிருடன் கொணரப்பட்ட வருடை

வருடை மனிதரின் கைக்குச் சிக்கிய இடங்கள் மூன்று இங்குக் கருதத்தக்கன. முதலாவது மலைபடுகடாம். நன்னனின் அரண்மனை முன்றிலில் குவிந்த மலைவளங்களுள் ஆமான் கன்று, யானைக்கன்று, கரடிக்குட்டி ஆகியவற்றுடன் கொம்பு முற்றிய இளைய வருடைக் கடாவும் நிற்கிறது. இரண்டாவது பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்துப் பதிகம். தண்டாரணியத்தில் அகப்பட்ட வருடையைத் தொண்டிக்குக் கொணர்ந்து கொடுப்பித்தவன் என அது ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் புகழ்கிறது. அவனது அடைமொழி இச்செயலால் அமைந்தது என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கம் தருவாரும் உண்டு. மூன்றாவது சிலப்பதிகாரக் காட்சிக்காதை. செங்குட்டுவனுக்கு மலைவாழ் மக்கள் கொணர்ந்த காணிக்கைகளுள் யானைக்கன்று, குரங்குக்குட்டி, மான்மறி ஆகியவற்றோடு வருடையும் இடம்பெறுகிறது.

இம்மூன்றும் வெவ்வேறு காலத்தவை. பதிகம் பாடல்களுக்குப் பிற்பட்டது. காப்பியம் அதனினும் வேறான இலக்கிய வகை. இருப்பினும் மூன்றிலும் செயல் ஒன்றே: வருடை பிடிக்கப்படுகிறது, கொணரப்படுகிறது, அரசனோடு தொடர்புறுத்தப்படுகிறது. குறிப்பாக மலைபடுகடாமில் ஒரே நூலின் இரு பகுதிகள் இரு வகை விலங்குகளைக் காட்டுகின்றன. வழியில் உள்ள குடிசையில் கூத்தர் உண்பவை ஒரு வகை. அரண்மனை முன்றிலில் அவர்கள் காண்பவை மற்றொரு வகை. வருடை இரண்டாம் வகையைச் சார்ந்தது.

வேறுபாட்டின் காரணம்

அகப்பாடலின் விலங்கு உள்ளுறைக்கு உரியது. ஆதலின் உணவாகப் பேசப்படாது என ஒருவர் விடை கூறலாம். இவ்விடை போதாது. பன்றி அகப்பாடல்களில் தினைப்புனத்தை அழிக்கும் விலங்காகவும், பிற பாடல்களில் வேட்டைப்பொருளாகவும் ஒருங்கே வருகிறது. இலக்கிய வகை மட்டுமே காரணமாயின் பன்றிக்கும் அத்தடை பொருந்தியிருக்க வேண்டும்.

பொருத்தமான விளக்கத்தை நற்றிணை 119இன் நில அமைப்பே தருகிறது. பன்றியும் முள்ளம்பன்றியும் விளைச்சலைத் தேடி மனிதரிடம் வருவன. அவற்றைக் கொல்வது பயிர்க்காவலின் ஒரு பகுதி. ஊன் அதன் பயன். வரையாடோ செங்குத்துப் பாறைகளை அடுத்த புல்வெளிகளில் மேய்ந்து, ஆபத்து நேரின் பாறைமுகட்டில் ஒதுங்கும் இயல்பினது. அதனை நாடி மனிதர் ஏற வேண்டும். அன்றாட உணவுக்காக அத்தகைய இடரை ஏற்பது பொருந்தாது. அரசனின் முன்றிலுக்காக ஏற்பது பொருந்தும். ஏனெனில் பிடிப்பதன் அருமையே அப்பொருளின் மதிப்பாகிறது.

ஊனின் தரமும் இங்குக் கருதத்தக்கது. ஆட்டினத்தில் முதிர்ந்த கடாவின் ஊன், சிறப்பாக இணைசேரும் பருவத்தில், கடும் வீச்சம் கொண்டது. கிராமப்புறத்தில் கறிக்காக வளர்க்கும் கிடாய்க்கு விதையடிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. வரையாடு தென்மேற்குப் பருவமழைக் காலத்தை ஒட்டி இணைசேரும் விலங்கு. கொம்பின் பெருமைக்கு முதிர்ந்த கடாவும், ஊனின் மென்மைக்கு இளையதும் வேண்டப்படும். மலைபடுகடாம் ஆசிரியர் கொம்பு முற்றிய இளங்கடா எனக் கூறுவது, முன்றிலில் நிற்கும் விலங்கைக் காட்சிப்பொருளின் அளவுகோலால் அளந்ததைக் காட்டுகிறது. எனினும் வீச்சம் காரணமாகவே வருடை உண்ணப்படவில்லை என்று முடிவுகட்ட இப்பாடல்கள் இடம் தரவில்லை.

வேட்டை நூல்களின் வரையாடு

சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த 1892ஆம் ஆண்டிலேயே டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் இலண்டனில் நூலாக வெளிவந்தன. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் மேற்கொண்ட வேட்டைகளை அந்நூல் பேசுகிறது. அக்கால வெள்ளைய வேட்டைக்காரர் வரையாட்டை 'ஐபெக்ஸ்' எனப் பிழையாக அழைத்தனர். முதுகில் வெளிறிய சேணம் போன்ற நிறம் பெற்ற முதிர்ந்த கடாவையே பெரிதும் நாடினர். கொம்பின் நீளம் அங்குலக் கணக்கில் பதிவாயிற்று. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டையைத் தொடர்ந்து நடத்தும் பொருட்டே விலங்கைக் காக்கும் நோக்கு அதில் இருந்தது.

திறைப்பொருளாகவும் வெற்றிச்சின்னமாகவும் வரையாடு பெற்ற மதிப்புக்கு அடிப்படை ஒன்றே: எட்டாத உயரத்தில் வாழ்வது. ஆனால் ஒன்றில் விலங்கு உயிரோடு அரசனை அடைகிறது. மற்றொன்றில் கொம்பாகச் சுவரை அடைகிறது. வருடை வேட்டை எனப் பொதுப்படப் பேசுவோர் இரண்டாவதன் படிமத்தை முதலாவதன் மீது ஏற்றிவிடுகின்றனர்.

முடிவுகளின் எல்லை

இரு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, அடையாளம் பற்றியது. மலைபடுகடாமின் நன்னன் நாடு இன்றைய செங்கம் பகுதியைச் சார்ந்தது. தண்டாரணியம் அதற்கும் வடக்கே உள்ளது. இன்றைய வரையாட்டின் வாழிடம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் அடங்கியது. வாழிடம் முன்னர் விரிந்திருந்ததா, வருடை என்னும் பெயர் வேறு காட்டாட்டையும் குறித்ததா, பட்டியலிடும் இலக்கிய மரபு காரணமா என்பவை தனித்தனியே ஆராயத்தக்கவை. எல்லா இடங்களிலும் வருடை என்பதை நீலகிரி வரையாடு என உரை எழுதுவது இவ்வினாக்களை மூடிவிடுகிறது.

மற்றொன்று, மௌனத்தின் மதிப்பு பற்றியது. பாடலில் விருந்தாகாத விலங்கு வாழ்வில் உண்ணப்படவே இல்லை எனக் கூற இயலாது. விலங்கின் பெயர் கூறாது 'கொழுங்குறை' என மட்டும் சொல்லும் இடங்களும் உண்டு. உண்ணாமை தடையாகவோ அறமாகவோ கூறப்படவும் இல்லை. ஆகவே பேணிக் காத்தனர் என்னும் கூற்றும் பாடல்களால் நிறுவப்படுவதன்று. உயிருடன் பிடித்து அரண்மனைக்கு அனுப்புதலைப் பாதுகாப்பு என அழைக்க இயலாது.

இவ்வெல்லைகளைப் பேணுவது இன்று நடைமுறைத் தேவையும் ஆகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இடம்பெற்றுள்ளது. தமிழ்நாடு அரசு நீலகிரி வரையாடு திட்டத்தைச் செயற்படுத்தி வருகிறது. 2024இல் நடைபெற்ற கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1031 வரையாடுகள் பதிவாயின. குறிஞ்சி மக்கள் வருடையை உண்டனர் என்னும் ஆதாரமற்ற தொடர் ஆய்வேட்டிலிருந்து பொதுவெளிக்குச் செல்லும்போது, கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த பளியர் போன்றோர் மீது வேட்டைக்காரர் என்னும் பழி எளிதில் படியும். தமிழர் காத்தனர் என்னும் தொடரோ, அண்மை நூற்றாண்டுகளின் துப்பாக்கி வேட்டையையும் வாழிட அழிவையும் மறைக்கும்.

முடிவுரை

எடுத்துக்கொண்ட பாடல்களில் வருடை உணவுப்பொருளாக அன்றி, எட்டாத உயரத்தின் அடையாளமாகவும் அரசனுக்குரிய திறைப்பொருளாகவும் அமைகிறது. ஊனின் தரத்தை விரிவாகப் பேசிய மரபிலேயே இவ்வேறுபாடு காணப்படுவதால் அது பொருட்படுத்தத்தக்கது. தினைப்புனத்திற்கும் பெருவரைக்கும் இடைப்பட்ட தொலைவே அதற்கு ஏற்ற விளக்கமாகத் தோன்றுகிறது. ஐந்திணை விலங்குகளை உணவு, பயிர்ப்பகை, திறை, உவமை என்னும் பயன்பாட்டு அடிப்படையில் வகைப்படுத்தி ஒப்பிடும் விரிவான ஆய்வு, இம்முடிவை மேலும் சோதிக்க உதவும்.