பெருமுயலுக்குக் கடலோரக் கொட்டகை

முயல் வாங்கப் போனால் நம் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "கறிக்கா, வளர்க்கவா?" என்பதுதான். கேட்பவர் மேல் குற்றமில்லை. முயல் கொட்டகை பற்றித் தமிழில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை கறிக்கு வளர்ப்பவருக்காக எழுதப்பட்டவை. செல்லமாக வளர்ப்பவருக்கான யோசனைகளோ பெரும்பாலும் இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளிலிருந்து வருகின்றன. காயல்பட்டினத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நாலைந்து கிலோ முயல் இரண்டை வளர்க்க நினைக்கிறவருக்கு இவற்றில் எது பயன்படும், எதை ஒதுக்க வேண்டும் என்று உரசிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் முயலைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பெரிய முயல் என்று விற்கப்படுபவை வெள்ளை ஜெயன்ட், சாம்பல் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகியவை. வளர்ந்தால் நாலு, ஐந்து கிலோ நிற்கும். ஃப்ளெமிஷ் ஜெயன்ட் ஆறு கிலோவைத் தாண்டும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்கப்படும் குட்டிகளில் கலப்பு எவ்வளவு என்பதை விற்பவரே அறியார். இவையெல்லாம் குளிர்நாட்டு இனங்கள். மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் தன் தென்மண்டல மையத்தைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் வைத்து, வெள்ளை ஜெயன்ட்டையும் சோவியத் சின்சில்லாவையும் அங்கே வளர்ப்பது தற்செயல் இல்லை. மலையில் வளர்ந்த குட்டியைப் பேருந்தில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவரும்போது நாம் இறங்குவது ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர்.

முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல வாயைப் பிளந்து இரைத்துச் சூட்டை இறக்கவும் அதற்கு வராது. காதுகளின் மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் உடல் சூடு பெருமளவு வெளியேறும். 15 முதல் 25 டிகிரி வரை அது சுகமாக இருக்கும். 30ஐத் தாண்டினால் தவிக்கும். 35க்கு மேல் காற்றோட்டமும் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. உடல் பெருக்கப் பெருக்க எடைக்கு ஏற்ற தோல் பரப்பு குறைந்துகொண்டே போகும் என்பதால், இரண்டு கிலோ முயல் தாங்கும் பிற்பகலை ஐந்து கிலோ முயல் தாங்காது. காயலில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை 35ஐத் தொடும் நாள்கள் சர்வசாதாரணம். இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. ஆகவே இங்கே எந்தக் கொட்டகையையும் பிற்பகல் மூன்று மணியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். அழகு, விலை, ஆயுள் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தச் சோதனையில் முதலில் விழுவது ஆங்கிலேயர் பரிந்துரைக்கும் மரக் கொட்டகை. அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி முழுக்க நியாயம். பிரிட்டனின் 'ரேபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட்' என்ற அமைப்பு, இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள இடம் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. கூண்டு மட்டும் போதாது என்று பல ஆண்டுகளாக அது இயக்கமே நடத்திவருகிறது. பெருமுயல் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கும், நாலு தாவல் தாவும். அதற்கு இந்த அளவு ஆடம்பரமே இல்லை, குறைந்தபட்சம். அளவை அப்படியே எடுத்துக்கொள்வேன். உயரத்தை மட்டும் ஆள் நிமிர்ந்து நிற்கும்படி கூட்டுவேன். குனிந்து கூட்ட வேண்டிய கொட்டகையை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் ஒழுங்காகக் கூட்டுவதில்லை.

ஆனால் அந்தக் கொட்டகையின் சுவர் நமக்கு உதவாது. தோட்டத்தில் நிற்கும் மூடிய பலகை அறைக்கு வெப்பத்தடுப்பு அட்டை அடித்து, வைக்கோல் நிரப்பி, காற்றுப் புகும் இடுக்குகளை அடைக்கும் வேலை அவர்களுடைய ஜனவரிக்குப் பொருந்தும். அதை இங்கே செய்தால் சூளைக்குள் முயலை வைத்த மாதிரிதான். நமக்கு அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்: வெப்பத்தடுப்பு கூரைக்கு, திறப்பு சுவருக்கு.

அடுத்தது நம்மூர்ப் பண்ணை முறை. இரண்டடிக்கு இரண்டடி கம்பிக் கூண்டு, வரிசையாக, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், புழுக்கை கீழே விழும்படி. நூறு முயல் வளர்ப்பவருக்கு இதில் அர்த்தம் உண்டு. புழுக்கையோடு தொடர்பு அறுவதால் ரத்தக்கழிச்சல் குறையும், கழுவுவது எளிது, காற்று நாலு பக்கமும் போகும். அந்தக் காற்றோட்டத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் சில மாதத்தில் கறிக்குப் போகும் முயலுக்குப் போட்ட கணக்கு அது. பல ஆண்டு வாழப்போகிற ஐந்து கிலோ முயலைக் கம்பி வலை மேல் நிறுத்திவைத்தால் பின்னங்கால் மிதியில் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிச் சீழ் வைக்கும். எடை கூடக்கூட இது விரைவாக வரும். முயலைத் தூக்கி மடியில் மல்லாத்தி மிதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரோமத்துக்கு நடுவே பத்துக் காசு அளவில் வழுக்கையாக ஒரு திட்டு இருந்தால் தரை சரியில்லை என்று பொருள். பெருமுயலுக்குக் கம்பித் தரை கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

இனிக் கூரை. விவகாரம் முழுதும் இங்கேதான் இருக்கிறது.

தகரம் மலிவு, ஒரே நாளில் போட்டுவிடலாம். ஆனால் அது வெயிலை வாங்கிக் கீழே உமிழும். உப்புக்காற்றில் ஆணி அடித்த துளையிலிருந்துதான் துரு தொடங்கும். துரு ஏறிய தகரம் இன்னும் அதிகமாகச் சூட்டை உறிஞ்சும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீழே கிடுகுப் பந்தல் கட்டினால் தேறும். ஆனால் அதுவரை வந்தவர் முழுக்க ஓலையே போட்டிருக்கலாமே! கல்நார் அட்டை தகரத்தைவிடச் சூடு குறைவு. ஆனால் வெட்டும்போதும் உடையும்போதும் கிளம்பும் தூசி மனித நுரையீரலுக்கே கேடு. பழைய அட்டை சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவந்து போடுகிறவர்களைப் பார்க்கிறோம், வேண்டாம். நாட்டு ஓடு நன்று, எடை தாங்கும் சட்டம் வேண்டும், குரங்கு வரும் ஊரானால் யோசிக்க வேண்டும்.

பனையோலைக்கே என் வாக்கு. உடன்குடி, திருச்செந்தூர் தேரிப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. வேயத் தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். தென்னங்கிடுகு ஓரிரு மழைக்காலத்தில் மக்கிவிடும், பனையோலை அதைவிடத் தாங்கும். கனமாக வேய்ந்த ஓலை வெயிலைக் கீழே விடாது, உள்ளே ஏறும் சூட்டை இடுக்கு வழியே வெளியே விட்டுவிடும். குறைகளையும் சொல்லவேண்டும்: எலி குடியேறும், எலியைத் தேடிச் சாரை வரும், பட்டாசு விடுகிற நாளில் மனம் பதைக்கும். கூரைக்கு அடியில் வலை ஒன்றை இழுத்துக் கட்டினால் முதல் இரண்டும் முயலிடம் வந்து சேராது. மூன்றாவதற்குக் கொட்டகையைத் தெருப்பக்கம் போடாமல் இருப்பதே வழி.

ஈரச் சாக்குத் தொங்கவிடும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் சொல்கிறார்கள், எல்லா மாதத்துக்கும் சொல்கிறார்கள். ஜூன், ஜூலையில் கச்சான் வீசும்போது அது பலிக்கும். மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டுச் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வரும் அந்தக் காற்று வறண்டது; சாக்கின் ஈரத்தை உறிஞ்சும்போது குளிர்ச்சி பிறக்கும். சித்திரை, வைகாசியில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும்போது சாக்கு காயவே காயாது. உள்ளே குளிர்ச்சி இறங்காது, புழுக்கம்தான் ஏறும். அந்த மாதங்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைப்பது மேல். முயல் தானாகப் போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

திசை விஷயத்தில் புத்தகங்கள் சொல்வது, நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும் என்று. வெயில் பக்கவாட்டில் புகாமல் இருக்க அது சரி. ஆனால் நம் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து கடற்காற்றாகவோ மேற்கிலிருந்து கச்சானாகவோதான் வருகிறது. அப்படிப் போட்டால் குறுகிய பக்கம்தான் காற்றைப் பார்க்கும். மூன்று மீட்டர் கொட்டகையில் இந்தத் தர்க்கத்தைவிட முக்கியமானது அது நிற்கும் இடம். வீட்டுக்குக் கிழக்கே நின்றால் காலை வெயில் கிடைக்கும், பிற்பகலில் வீட்டு நிழல் விழும், கடற்காற்றும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குச் சாரல் அடிக்கும் பக்கமும் அதுதான் என்பதால் இறவாரத்தை நன்றாக நீட்டி, சுருட்டி இறக்கும் தட்டியும் வைக்க வேண்டும். காயலில் வீடுகள் நீளவாக்கில் நெருங்கி நிற்பதால் எல்லோருக்கும் இந்த வசதி அமையாது. அதற்காக முடுக்கில் கொட்டகை போடலாமா என்று கேட்காதீர்கள். பெண்கள் நடக்கும் வழி அது. மொட்டை மாடியோ, வெயிலில் வெந்த தளம் இரவு பத்து மணிக்கும் சுடும் என்பதால் பரிசீலனைக்கே வராது.

சுவரில் ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. நாய்க்குப் பயந்து இரண்டடிச் செங்கல் சுவர் எழுப்பி, அதற்கு மேல் வலை அடிப்பது வழக்கம். நமக்குக் காற்று வரும், தரையிலிருந்து ஓரடிக்குள் வாழும் முயலுக்கு வராது. சுவரைச் செங்கல் இடைவெளி விட்டு ஜாலியாகக் கட்டி உள்பக்கம் வலை பொருத்தலாம். அல்லது உள்ளே ஒன்றரை அடி உயரத்தில் பலகைத் திண்ணை ஒன்று போடலாம். இரண்டையும் செய்வதே உத்தமம். முயல் உயரமான இடத்தில் ஏறிப் படுக்க விரும்பும், திண்ணைக்குக் கீழே ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கும். பலகைக்குத் தூத்துக்குடியில் பஞ்சமில்லை. துறைமுகத்துச் சரக்கோடு வந்த பெட்டிப்பலகைகள் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. முயல் பலகையை இரவெல்லாம் கொறிக்கும் என்பதால் அது ஆகாது.

வலையில் சிக்கனம் பார்க்க முடியாது. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். தெருநாய் ஒரே இரவில் கிழிக்கும். பற்றவைத்த கனமான வலைதான் வேண்டும், ஓட்டை முக்கால் அங்குலத்துக்கு மேல் போனால் கீரிக்குட்டியும் பெருச்சாளியும் நுழையும். உப்புக்காற்றில் அதுவும் துருப்பிடிக்கும், வெட்டிய முனைகளில் முதலில். சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவு என்று ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்.

தரை சிமெண்ட், வழவழப்பில்லாமல், ஒரு மூலைக்குச் சரிவாக. முயல் ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கும் பழக்கமுடையது. அந்த மூலையில் ஒரு தட்டு வைத்து வைக்கோல் போட்டால் பாதி வேலை முடிந்தது. சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. காய்ந்ததும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், தண்ணீருக்கு அசையாது, வினிகர் ஊற்றிச் சற்று நேரம் விட்டால் நுரைத்துக் கழன்றுவரும். படுக்கும் இடத்தில் சணல் சாக்கும் உலர்ந்த புல்லும் கனமாக இருக்கட்டும். கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டுவது வேண்டாத வேலை. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு எழுதியும் 2023 டிசம்பரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரியைவிட அதிகம். அது பெய்த மழையின் அளவுதான். தேங்கிய வெள்ளத்தின் ஆழம் தெருவுக்குத் தெரு வேறு. அந்த மழைக்குத் தாக்குப்பிடிக்கும் பீடம் கட்டுவேன் என்பது வீம்பு. சாதாரண ஐப்பசி மழைக்கு இரண்டடிப் பீடம் போதும். அதற்கு மேலான மழைக்கு, முயலைத் தூக்கிப்போகப் பழக்கிய கூடை ஒன்று கொட்டகையிலேயே தொங்கவேண்டும், மாடியில் ஓர் அறை மனதில் இருக்கவேண்டும். பூட்டிய கொட்டகையின் சாவி வெளியூர் போனவரோடு போய்விடக் கூடாது.

தீர்ப்புக்கு வருகிறேன். பனையோலைக் கூரை, ஜாலிச் சுவர், உயர்ந்த பீடம், சிமெண்ட் தரை, உள்ளே பலகைத் திண்ணை: காயலில் வீட்டுக்கு வெளியே போடக்கூடியவற்றில் இதுவே சிறந்தது. அப்படியும் அது பெருமுயலுக்கு முழு வீடாகாது, அரை வீடுதான். விடியலிலும் அந்தியிலும்தான் முயல் ஓடியாடும், நடுப்பகலில் தூங்கும். ஆகவே ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை காலை பத்து மணிக்கு அதை வீட்டுக்குள் எடுத்து, தரைத்தளத்தில் வெயில் படாத அறையில், வெறுந்தரையில் விட்டு, வெயில் தாழ்ந்ததும் கொட்டகைக்குத் திருப்ப வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வீட்டில், அல்லது வீட்டுக்குள் முயல் வரக்கூடாது என்கிற வீட்டில், இந்த இனங்களை வாங்குவதற்கு எதிராகவே என் வாக்கு. இரண்டு கிலோவுக்குள் நிற்கும் நாட்டுக்கலப்பு முயலுக்கு இதே கொட்டகை இன்னும் தாராளமாகப் பொருந்தும். ஆணும் பெண்ணுமாக வைக்கிறவர், கருத்தடை செய்யத் தெரிந்த கால்நடை மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. முப்பது நாளுக்கு ஒரு ஈற்று என்றால் எந்தக் கொட்டகையும் போதாது.

கட்டுவதானால் மழை ஓய்ந்த தை மாதத்தில் கட்டுங்கள். முயலை உடனே வாங்கவேண்டாம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, பங்குனி, சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு அதையும், வெளியே வேப்பமர நிழலில் மாட்டிய இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே காட்டுவது வெளி நிழலைவிடக் கூடுதலாக இருந்தால் ஓலையைக் கனப்படுத்துங்கள், சுவரில் இன்னும் திறப்பு விடுங்கள். அதற்கும் இறங்கவில்லையென்றால் கொட்டகையைக் கோழிக்கு விட்டுவிடலாம்.